ஓத அட்டவணை

விருந்தாளிகள் போன பிறகு
மெத்தையைப் புரட்டும்போதுதான் தெரியும்
யார் என்ன விட்டுப் போனார்களென்று.

பாதி பிதுக்கிய சன் கிரீம்,
ஒற்றைக் கம்பளிக் காலுறை,
காற்றாலை, மணிக்கூண்டு, ஒட்டகம் என்று காந்த வில்லைகள்.
கனம் தாங்காமல்
ஃபிரிட்ஜ் கதவு இப்போது தானாகவே திறந்துகொள்கிறது.
சாக்லேட் வந்தால் பக்கத்து வீட்டு எத்தேரிக்கு.
எங்கள் இரண்டு பேருக்கும் சர்க்கரை.

நோல்வென் வந்தது செப்டம்பர் கடைசியில்.
பிரெட்டன் கரையில் சிப்பி விற்கிறவள்.
மலையேற வந்தவள், மூன்று நாளும் காய்ச்சலோடு
எங்கள் உத்தரத்தை எண்ணிக்கொண்டு கிடந்தாள்.
பூண்டு சூப் கொடுத்தேன்.
கிளம்பும்போது பையைத் தலைகீழாகக் கொட்டினாள்;
கொடுக்கத் தகுந்ததாக ஒன்றும் விழவில்லை.
பிறகு சட்டைப் பையிலிருந்து
உள்ளங்கை அகலத்தில் ஒரு நீலப் புத்தகம்:
அவள் துறைமுகத்தில் கடல்
எப்போது ஏறும், எப்போது வற்றும்,
வருடம் முழுக்க, நிமிடக் கணக்கில்.

இங்கிருந்து பார்த்தால் தெரிவது பனிப்பாறை.
அதன் கீழே ஆறு.
அது போகத்தான் செய்திருக்கிறது, ஒருநாளும் வந்ததில்லை.

அடுப்பறைச் சுவரில் ஓதம் ஏறிய இடத்தை மறைக்க
அதை ஆணியில் மாட்டினேன்.

பிமுர்ஸா நம்பவில்லை.
பட்டாளத்தில் இருந்தபோது பத்தூமியில்
இரண்டு வருடம் கடலைக் காவல் காத்தவன்.
“வைத்த இடத்தில்தான் இருந்தது.
கடல் என்ன மாடா,
காலையில் போய் மாலையில் திரும்ப?”

ஆனாலும் ஒருநாள் பால் கறக்கப் போகுமுன்
கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
அந்தச் சுவர் முன் நின்றான்.
மறுநாளும்.

நவம்பரில் சாலை மூடியது.
பனி, ஜன்னலின் பாதிவரை.
கடிகாரத்திலிருந்து மூன்று மணியைக் கழித்துவிட்டுச் சொல்வான்:
“இப்போது வற்றுகிறது.
படகெல்லாம் சேற்றில் சாய்ந்திருக்கும்.”
மாவு பிசைந்துகொண்டே
சாயட்டும் என்பேன்.
ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் ஓர் எண்.
ஓதத்தின் பலம் என்று நோல்வென் சொல்லியிருந்தாள்.
நாற்பது என்றால் இவன் முகம் வாடும்.
நூற்றுநான்கு வந்த அன்று
எத்தேரியைக் கூப்பிட்டுச் சாராயம் ஊற்றினான்.
“எதற்கு?”
“கடல் சுவரைத் தாண்டுகிறது.”
அவள் மறுபேச்சில்லாமல் குடித்தாள்.
அந்தப் பனிக்காலத்தில்
எங்களுக்கு வந்து சேர்ந்த ஒரே செய்தி அது.

டிசம்பர் முப்பத்தொன்று, கடைசி வரி.
புத்தகம்தானே முடிந்தது என்றான்.
வைக்கோல் கணக்கு நோட்டைப் பின்புறம் திருப்பிப்
பென்சிலால் தானே தொடங்கினான்,
நாளுக்கு ஐம்பது நிமிடம் தள்ளி.
சில நாள் நாற்பது.
வெளியே போய் நிலவைப் பார்த்துவிட்டு வந்து அழிப்பான்.
மேகம் மூடிய வாரம் அவன் தூங்கவில்லை.

ஜூலையில் ரோகாஸ் வந்தான்,
லிதுவேனியப் பையன், மீசை இன்னும் முடிவு செய்யவில்லை.
பிமுர்ஸா நோட்டை அவன் மடியில் வைத்து
போனில் பார்க்கச் சொன்னான்:
அந்தத் துறைமுகம், இன்று, இப்போது.
பையன் ஜன்னல் பக்கம் போனான்,
போனை உயரத் தூக்கினான்,
கட்டைவிரலால் எதையோ தேய்த்தான்,
என் கணவனை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.
“ஆறு நிமிடம்தான் வித்தியாசம்” என்றான்.

மேட்டுக் கோபுரத்தில் இடி விழுந்து
அந்த வாரம் முழுக்க
ஊரில் ஒரு போனுக்கும் உயிரில்லை.
எனக்குத் தெரியும். பையனுக்கும் தெரியும்.
அந்த ஆறு நிமிடத்தைத்தான்
இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.
அப்படியே சரி என்று சொல்லியிருந்தால்
பிமுர்ஸா நம்பியிருக்க மாட்டான்.

அவன் போன பிறகு மெத்தையைப் புரட்டினேன்.
காலுறைகூட இல்லை.
விருந்தாளி ஒருவருக்கு
பூண்டும் நீல வெந்தயமும் இடித்த உப்பு
ஒரு பொட்டலம் என்பது எங்கள் வழக்கம்.
அவனுக்கு மூன்று கட்டியிருந்தேன்.

தொழுவத்தில் பிமுர்ஸா
கறப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டு
அந்த ஆறு நிமிடத்தை எங்கே தவறவிட்டோமென்று
விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.
பசு திரும்பிப் பார்த்தது.