அறை காலி

வின்டர்தூர், கார்த்திகை, பின்னேரம் ஐந்து மணி.
ஜன்னலுக்கு வெளியே இருட்டி முடிந்துவிட்டது.
உள்ளே ஒரேயொரு தோடம்பழம்.

இரண்டு பேருக்கும் அது வேண்டும்.
ஒருத்தருக்குச் சாறு, மற்றவருக்குத் தோல்.
ஒருத்தரை ஒருத்தர் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.
கேட்கவில்லை, பாதியாய் வெட்டினார்கள் என்று
நான் முடிக்கிற இடத்தில்
எல்லோரும் குனிந்து எழுதிக்கொள்வார்கள்.
பதினொரு வருடமாக இதே பழத்தை
உரித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த முறை ரெத்தோ கமினாடா கையை உயர்த்தினான்.
"பழம் எங்கேயிருந்து வந்தது?"
ஸ்பெயின் என்றேன், யோசிக்காமல்.
"லொறியிலா?"
அது வியாழக்கிழமைப் பாடம் என்றேன்.
வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.
வியாழக்கிழமையும் நான்தான்.
செவ்வாய் முகாமைத்துவம், புதன் பேரம், வியாழன் பூமி.
மூன்றுக்கும் சேர்த்து
நான் அறுபது வீதம்.

இந்த நாட்டில் ஆட்களை வீதத்தில்தான் சொல்வார்கள்.
அவர் நூறு, இவர் எண்பது.
மிச்ச நாற்பதை எங்கே வைத்திருக்கிறாய் என்று
ஒருத்தரும் கேட்டதில்லை.

பிறகு பயிற்சி.
மலையடியில் ஓர் ஊற்று, அதைக் கேட்டு வந்த
தண்ணீர்ப் போத்தல் கம்பெனி.
லூக்காஸ் கம்பெனி, ஷ்ப்ரேசா கிராமம்.
லூக்காஸ் அழகாகப் பேசினான்.
லீற்றருக்கு இவ்வளவு, வேலை இத்தனை பேருக்கு,
பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கூரை.
ஷ்ப்ரேசா பேனாவை மூடி வைத்தாள்.
அவன் இரண்டு ராப்பன் ஏற்றினான்.
அவள் ஜன்னலைப் பார்த்தாள்.
இன்னும் இரண்டு.
பிறகு அவனுக்கும் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.
முப்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

விளக்கு அணைந்தது.

மின்சாரம் மிச்சம் பிடிக்கப் போன வருடம் பூட்டினார்கள்.
அசைந்தால் ஆள் இருக்கிறது.
இரண்டு நிமிடம் அசையாவிட்டால்
அறை காலி.
(நிலைபேறு அறிக்கை, பக்கம் ஒன்பது.
எழுதிய குழுவில் என் பெயரும் உண்டு.)

இருட்டில் யாரோ கையை வீசினார்கள்.
வெளிச்சம் வந்தபோது
லூக்காஸ் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது என் மொழி.
அதில் வளர்ந்துவிட்டு
மௌனம் ஒரு கருவி என்று ஸ்லைட் போடுகிறேன்,
ஜேர்மனில், சம்பளத்துக்கு.

ஆறரைக்கு ஹெமெர்லியின் அறை.
நிலைபேறு படிப்பிக்கிறவளின் ஒப்பந்தம்
தை முப்பத்தோராம் திகதியோடு முடிகிறது,
எட்டாவது தடவையாக.
முதல் எண்ணை நீ சொல்லாதே, ஸ்லைட் ஏழு.
வேறொரு கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போ,
ஸ்லைட் பன்னிரண்டு.

"எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?"
"எண்பது" என்றேன்.
கோட்டின் ஒரு கையை இன்னும் கழற்றியிருக்கவில்லை.
அவர் வாய் திறக்கவுமில்லை,
"எழுபது என்றாலும் பரவாயில்லை" என்றேன்.
கத்தரிக்காய் வாங்கப் போனவள்
கடைக்காரனுக்காகவும் தானே பேரம் பேசியதுபோல.

அப்போதுதான் அந்த மூடிய பேனா ஞாபகம் வந்தது.
வாயை மூடினேன்.
அவர் திரையைப் பார்த்தார்.
நான் அவருடைய கள்ளிச்செடியைப் பார்த்தேன்,
அதற்கு யாரோ அளவுக்கு மேல் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள்.
சூடாக்கிக் குழாய் ஒருதரம் முனகி ஓய்ந்தது.

விளக்கு அணைந்தது.

கட்டடத்தின் கணக்கில் இப்போது
நாங்கள் இரண்டு பேரும் இல்லை.
பேராசிரியரும் இல்லை, அறுபது வீதமும் இல்லை.
தூரத்தில் சூரிச் ரயில் புறப்படும் சத்தம்.
அவருக்குக் கொஞ்சம் சளி, மூச்சு கேட்டது.
கையை அசைத்தால் போதும்.
மடியில் கிடந்தன என் கைகள்,
கோட்டுக்குள் ஒன்று, வெளியே ஒன்று.

"அறுபத்தைந்து" என்றது இருட்டு.

யாருடைய குரல் என்று உடனே விளங்கவில்லை.
என்னுடையதோ என்று பயந்துபோனேன்.