நூறு வரை எண்ணுதல்

ஃபஹாஹீல். ஜனவரி. இரவு இரண்டு மணி.
கடல் பக்கம் சுத்திகரிப்பு ஆலையின் தீ
ஜன்னல் கண்ணாடியில் நடுங்குகிறது.
ஐந்தாம் வார்டிலிருந்து ஊதா மூடிக் குழாய் ஒன்று.
யோவேல் தங்கையா. முப்பத்து நான்கு. சாரம் கட்டுபவர்.
காய்ச்சல் நான்காம் நாள். மூச்சு வாங்குகிறது.
இன்ஃப்ளுயன்சா ஏ, பாசிட்டிவ்.

ஆளை நான் பார்த்ததில்லை.
அவர் ரத்தத்தில் ஒரு துளியைக்
கண்ணாடியில் இழுத்து, சாயம் ஊற்றி,
கழுவி, காயவைத்து,
எண்ணெய்ச் சொட்டு விட்டுக் குனிகிறேன்.

செல்லுக்கு ஒரு தட்டு.
நியூட்ரோஃபில். டக். நியூட்ரோஃபில். டக்.
இது இன்னும் முதிராதது,
மஜ்ஜையில் பாதித் தூக்கத்தில் எழுப்பி அனுப்பியிருக்கிறார்கள்,
உட்கரு லாடம் மாதிரி வளைந்து. டக்.
நூறில் மணி அடிக்கிறது.
லிம்போசைட் ஏழு.
முப்பது இருக்க வேண்டிய இடத்தில் ஏழு.

நம்பாமல் இன்னொரு நூறு எண்ணினேன்.
எட்டு.

மற்றவர்கள் எங்கே?
அவருடைய ஃபோர்மேனும் இதையே கேட்டிருப்பார்,
மஹ்பூலாவில், காலை ஐந்து மணி பஸ் வாசலில்,
பதினோரு பேர் அறையில் ஆறு பேர் இறங்கி வராத அன்று.
பாதிப் பேர் நுரையீரலுக்குள் போயிருக்கிறார்கள்;
ரத்தம் அவர்களுக்கு வெறும் சாலை.
சிலர் நிணநீர் முடிச்சுகளில் அடைந்து
வைரஸின் ஒரு துண்டை முன்னும் பின்னும் திருப்பி அடையாளம் பார்த்து
இரண்டாக, நாலாகப் பெருகுகிறார்கள்.
மீதிப் பேர் செத்துவிட்டார்கள்.
எல்லாரையும் வைரஸ் கொல்லவில்லை.
செல்லுக்குச் செல் அனுப்பும் அவசரச் செய்தி
அளவு மீறினால் அனுப்பியவரையே சுடும்.
யோவேலின் முழங்காலில் வைரஸ் கிடையாது.
அங்கே வலிப்பது தபால்.

ஸ்லைடின் ஓரத்தில் ஒன்று கிடைத்தது.
ஊதிப் பெருத்த லிம்போசைட்,
நீலப் பாவாடையை விரித்து
பக்கத்துச் சிவப்பணுக்கள் மேல் சாய்ந்துகொண்டு,
நெரிசலில் இடம் கேட்பவள் போல.
எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து கிளம்பிய செல்.
வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ரிப்போர்ட் கேட்டு இரண்டு தரம் போன் வந்தது.

மறுநாள் ஐசியு. அதற்கு மறுநாளும்.
ஆறு. ஐந்து. ஒன்பது.

வியாழன் இரவு லூர்டஸ் டீ கொண்டுவந்தபோது
தொண்ணூற்று மூன்றாவது செல்லில் விரல் நின்றது.
இயோசினோஃபில்.
காய்ச்சல் ஏறும்போது ஒன்றுகூட மிச்சமில்லாமல் மறையும் ரகம்,
உடம்பு தேறும்போது திரும்பும் என்று
கல்லூரி நோட்டின் ஓரத்தில் பென்சிலில் குறித்திருந்தேன்.
மாதுளை முத்துகளை அடைத்த சின்னப் பை.
லூர்டஸையும் குனிந்து பார்க்கச் சொன்னேன்.
"ஒன்றே ஒன்றா?" என்றாள்.
ஒன்றே ஒன்று.

ஒரு சதவீதம் என்று அடித்தேன்.
டாக்டர்கள் அந்த வரியை வாசிப்பதில்லை.

விடிந்து பஸ்ஸுக்கு நடக்கையில்
தொண்டையில் முள். இருமல் இல்லை,
இன்னும் இல்லை.
தாடைக்குக் கீழே தடவிப் பார்த்தேன்.
இடப்பக்கம், பட்டாணி அளவு:
யாரோ வேலைக்கு எழுந்துவிட்டார்கள்.