கழித்தல் இரண்டு

பிர்னோவில் மூன்றாம் இரவு.
ஜன்னலுக்குக் கீழே கடைசி டிராம்
ஈரத் தண்டவாளத்தைக் கீறிக்கொண்டு போகிறது.
திரையில் கெர்னல் தன் தடங்களைக் கொட்டுகிறது
மூச்சு விடாமல்:
யார் தட்டினார்கள், எந்தக் கதவை, எந்தக் கணத்தில்,
உள்ளேயிருந்து என்ன பதில் வந்தது.

பதில்
நானூற்று இருபத்தொன்பது கோடியே
நாற்பத்தொன்பது லட்சத்து
அறுபத்தேழாயிரத்து
இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு.

"இவ்வளவு பைட்டா?" என்றான் ராடிம்,
கோட்டுப் பொத்தானைப் போட்டபடி.
அந்தச் சின்னப் பலகையின் நினைவகம்
இதில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

நினைவகத்தைச் சந்தேகித்தேன்.
வட்டை மாற்றினேன்.
பூட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பூட்டினேன்.
குற்றவாளியைத் தேடிய மும்முரத்தில்
சாட்சியை விசாரிக்கத் தோன்றவில்லை.

அச்சிடும் வரி அது.
சதவீதக் குறிக்குப் பின்னால் ஒரு யு.
கழித்தல் குறி என்றால் என்னவென்றே அறியாத எழுத்து.
கீழேயிருந்து வந்ததோ வெறும் கழித்தல் இரண்டு,
அதாவது, அப்படியொரு கோப்பு இல்லை.
இல்லை என்று சொல்லத் தெரியாத வாயில்
இல்லாமை கோடி கோடியாகக் கொட்டியிருக்கிறது.

யு-வை அழித்தேன். டி வைத்தேன்.
கம்பைல் ஆக இருபது நிமிடம்,
அதற்குள் ஆறிப்போன உருளைக்கிழங்கு சூப்.
மறுபடி ஓடியது.

-2
-2
0
-2

எவ்வளவு சின்ன எண்!
வீட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆறு வாரம் கழித்து
பார்டுபிட்ஸே ரயில் பணிமனையிலிருந்து ஒருவர் அழைத்தார்.
வ்லாஸ்டிமில் என்று பெயர். குரலில் கோபமில்லை, களைப்பு.
அவருடைய ஸ்கிரிப்ட் ஐந்து வருடமாக
அந்தப் பத்து இலக்கத்துக்காகத்தான் காத்திருக்குமாம்.
அது வந்தால் கோப்பைக் காணோம் என்று மணி அடிக்கும்.
நேற்றிரவு கோப்பைக் காணவில்லை.
மணி அடிக்கவில்லை.

"தப்பான எண்தான், தெரியும்" என்றார்.
"ஆனால் தப்பாமல் தப்பாக இருந்ததே."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.
டி-யைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்றேன்,
கொஞ்சம் உரக்கவே.
பிறகு, ஸ்கிரிப்டை அனுப்புங்கள், நானே திருத்தித் தருகிறேன் என்றேன்.

வந்தது. நாற்பது வரி.
பதினேழாவதில் அந்தப் பெரிய எண்,
ஓர் இலக்கமும் பிசகாமல்.
பக்கத்தில், எப்போதோ, அவர் குறித்துவைத்திருந்தார்:
"பொருள்: இல்லை."