எட்டாவது ஆள்

ஏழு பேர் ஆடுவார்கள்.
நான் முடிச்சு.

ஷீட்டில் சப்ஸ்டிட்யூட் என்று எழுதுவார்கள்,
பஸ் கிளம்பும்போது
"முடிச்சு ஏறிட்டாளா?" என்றுதான் கேட்பார்கள்.

மேட்டில் இறங்குமுன் நடுவர் நகம் பார்ப்பார்.
தோடு, வளையல், கொலுசு, கிளிப், கோயில் கயிறு
எதுவும் ஆகாது.
கழற்றியதெல்லாம் என் மடிக்கு வரும்.
சந்தன நிறத் துண்டு ஒன்று.
ஓரத்தில் மார்க்கரில் யாரோ எழுதிய கபடி
'கப' வரைக்கும் மிச்சம்.
துவைக்கக் கூடாது என்பது வழக்கம்.
யார் வைத்த வழக்கம் என்றால்
போன வருஷ கேப்டன், அதற்கு முந்தின கேப்டன் என்று
கை காட்டிக்கொண்டே போவார்கள்.

கோகிலவாணிக்குச் சிவதாபுரம்.
வீட்டிலேயே கொலுசுப் பட்டறை.
அவள் காலில் கிடப்பது அவளுடையது இல்லை,
கொக்கி நிற்கிறதா என்று போட்டுப் பார்க்கிறாள்,
ஞாயிறன்று செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்விடும்.
"சலங்கைய எண்ணி வை,
ஒண்ணு கொறஞ்சா எங்கப்பா கூலி போச்சு."
நாற்பத்திரண்டு.

ஷகிலா பானுவின் மூக்குத்தி வரவே வராது.
சோப்பு, தேங்காயெண்ணெய், கண்ணீர்,
கடைசியில் பிளாஸ்திரி.

ஜெனிட்டா ஒரு மோதிரம் தந்தாள்.
இதற்குமுன் பார்த்ததில்லை.
கேட்கவில்லை.
தனி மூலையில் முடிந்தேன்.

மண்டல இறுதி ஆட்டம், காந்தி ஸ்டேடியம்.
மார்ச் வெயிலில்
சேர்வராயன் மலை இருக்கிறதா என்றே தெரியவில்லை.
நிழல் விழுவது ஒரே பெஞ்சில்.
அதன் மறுகோடியில் தர்மபுரிக்காரர்களின் எட்டாவது ஆள்,
பச்சைச் சட்டை, மடியில் பிஸ்கட் டப்பா.
அவர்களுக்கு டப்பா போலிருக்கிறது.
இரண்டு பேரும் ஒருவரையொருவர்
பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டோம்.

மூன்று நிமிஷம் இருக்கையில்
மேகலைக்குக் கணுக்கால் பிசகியது.
"முடிச்சு, எழுந்திரு!"

எழுந்தேன். கையில் முடிச்சு.
பி.டி. மேடம் மேகலையின் காலைப் பிடித்திருக்கிறார்.
தண்ணீர் கேன் மேல் வைக்கவா?
செருப்புக் குவியலிலா?
நாற்பத்திரண்டு சலங்கை, ஒரு மோதிரம்,
மூன்று வருஷத்தில் இதை எங்குமே நான் கீழே வைத்ததில்லை.
நடுவர் வேறு என் காதைக் காட்டுகிறார், தோடு.

பச்சைச் சட்டை
டப்பாவின் மூடியைத் திறந்தாள்.

வைத்தேன்.
தோட்டைக் கழற்றி அதையும் நீட்டினேன்.
என் தோட்டை இதுவரை யாரும் வாங்கி வைத்ததில்லை.

இருபத்தாறு, இருபத்தேழு.
கடைசி ரெய்டு எனக்கு.
எதிரே ஆறு பேர், போனஸ் உண்டு.
மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டு போனேன்.
நான் எப்படி ஆடுவேன் என்று அவர்களுக்குத் தெரியாது,
எனக்கும்தான்.
போனஸ் கோட்டைக் கால் தாண்டியது,
திரும்புமுன் கார்னர்காரி கணுக்காலைக் கவ்வினாள்,
மேலே நாலு பேர்.
நடுக்கோட்டுக்கு என் விரல்
ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது.
ஆளுக்கொரு பாயிண்ட்.
இருபத்தேழு, இருபத்தெட்டு.

பச்சைச் சட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கத்தின.
ஒருத்தி மட்டும் பெஞ்சில்.
டப்பாவோடு எப்படிக் குதிப்பாள்?

முடிச்சைத் தந்தாள்.
பிறகு மூடியிருந்த கையை விரித்தாள்.
"திருகாணி சின்னது,
டப்பாவுல போட்டா கெடைக்காது."
உள்ளங்கையில் என் தோட்டின் அச்சு.
பெயர் கேட்குமுன் ஓடிவிட்டாள்,
டப்பா சலசலக்க, அவள் கூட்டத்துக்கு.

ஐந்து ரோட்டில் பஸ்ஸை நிறுத்தி
தட்டுவடை செட் தின்றோம்.
யாரும் என்னைத் திட்டவில்லை,
அதுவே கொஞ்சம் உறுத்தியது.
ஜெனிட்டா எல்லோர் முன்னாலும் மோதிரத்தைப் போட்டுக்கொண்டாள்,
அதற்குப் பிறகு தோல்வியைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை.
கோகிலவாணி மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து
இரண்டு தடவை எண்ணினாள்.

துண்டை உதறி மடித்தேன்.
பிஸ்கட் வாசம்.
துவைக்கக் கூடாது.