மூன்று கரண்டி

கைப்பட்டை இறுகி இறுகி
ஒரு பெருமூச்சோடு விட்டது.
நூற்று அறுபத்திரண்டு. கீழே தொண்ணூற்றெட்டு.
தாதி நோர்ஹயாத்தி எண்ணை வாசிக்கவில்லை,
திரையை என் பக்கம் திருப்பிவைத்தார்.

காலையில் என்ன சாப்பாடு?
மீ சூப். மீன் உருண்டை நாலு.
மீ சாப்பிடுங்க. சூப்பை விட்டுடுங்க.

ஆற்றில் இறங்கு, நனையாதே என்பதுபோல்.

தோ பாயோ லோரோங் எட்டு, உணவங்காடி.
விடிகாலைப் பேருந்தை இரண்டு நடை ஓட்டிவிட்டு
ஒன்பதே காலுக்கு வந்து உட்காருவேன்.
என் தலை தெரிந்ததுமே மேடம் சுவா
கம்பிக்கூடையை வெந்நீரில் முக்குவார்.
பதினோரு வருடமாக
இன்னது வேண்டும் என்று நான் வாய் திறந்ததில்லை.

அன்று மீயை மட்டும் பொறுக்கித் தின்று எழுந்தேன்.
கிண்ணம் நிறைய சூப்.
மேலே வெங்காயத்தாள், பொரித்த பூண்டு,
ஓரத்தில் கொஞ்சம் என் முகம்.
அவர் கிண்ணத்தைப் பார்த்தார்.
என்னைப் பார்க்கவில்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
அந்த உள்ளளவு எவ்வளவு என்றுதான்
பலதுறை மருந்தகத்தில் அளந்துகொண்டிருக்கிறார்கள்.

மறுநாள் சொல்லிவிட்டேன்:
ஹை பிளட், மேடம்.
ஐயா, என்றார்.
நம் ஐயா இல்லை, அவர்கள் ஐயா,
கடைசி எழுத்து தரையில் இழுபடும்.

அதன்பின் பாதி சூப், பாதி வெந்நீர்.
நெத்திலி எப்போதோ நீந்திப்போன வழியின் ருசி.
அடுப்பைவிட்டு எட்டி எட்டிப் பார்த்தாரா,
முழுவதும் குடிக்கவேண்டியதாயிற்று.
பக்கத்துச் சிறு தட்டில்
வெட்டிய மிளகாய் மூழ்கிக் கிடந்த கறுப்பு சோயாவை
யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.
நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஒரு வியாழன், நல்ல மழை.
கடையில் அவர் மகன். காதில் ஏதோ பாட்டு.
என்னை அவனுக்குத் தெரியாது.
மாத்திரையையும் தெரியாது,
சாயங்காலம் வீங்கும் என் கணுக்காலையும் தெரியாது.
பெரிய கரண்டியால் மூன்று தரம்
விளிம்பு தளும்ப ஊற்றினான்.
மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது.
துடைத்தால் எதிரே எல்லாம் தெரியும் என்று
துடைக்காமலே குனிந்தேன்.

ஆகஸ்ட்டில் மறுபடி அதே நாற்காலி, அதே பட்டை.
இப்போ சூப் எவ்வளவு குடிக்கிறீங்க?
மூணு கரண்டி, என்றேன்.
நோர்ஹயாத்தி தட்டிப் பதிந்துகொண்டார்.
எந்தக் கரண்டி என்று கேட்கவில்லை.