நாற்பத்தாறாம் எண் பல்

டப்பாவின் அடியில் பொடி எழுத்தில் ஒரு பெயர்.
முதல் வருஷம் முழுக்க அதைக்
கம்பெனியின் பெயரென்றே நினைத்திருந்தேன்.
லிக்டன்ஸ்டைன்.
எஸ்தர் அதை லிச்சி ஸ்டேஷன் என்பாள்.
முதலாளி நஞ்சுண்டப்பா பெயரைச் சொல்லவே மாட்டார்,
விலையை மட்டும் சொல்வார்.

ஸ்ரீராமபுரத்தில், தண்டவாளத்தை ஒட்டிய மாடியில்
பல் செய்கிறோம்.
ரயில் போகும்போது மேசை நடுங்கும்,
மெழுகு வடிக்கும் கையை நிறுத்திக்கொள்வோம்.
அப்படி நிறுத்திய ஒரு நேரத்தில்தான்
கைபேசியில் தேடிப் பார்த்தேன்.

நீளம் இருபத்தைந்து கிலோமீட்டர்.
சில்க் போர்டில் ஏறி எலஹங்காவில் இறங்குவதற்குள்
ஒரு தேசம் முடிந்துவிடும்.
மழை பெய்தால் எங்களுக்கு ஒரு நாளே முடிந்துவிடும்.
ஜனங்கள் நாற்பதாயிரம் சொச்சம்,
ஒரு வார்டு அளவு.
அவர்களுக்குக் குன்றின்மேல் கோட்டையில் இளவரசர் இருக்கிறார்,
எங்களுக்குக் கார்ப்பரேட்டர் இல்லாமல் போய்
வருஷங்களாகின்றன.

சொந்தமாய் நாணயம் கிடையாது,
பக்கத்து வீட்டுக்காரரின் காசு.
விமான நிலையம் கிடையாது, பட்டாளம் கிடையாது.
பணம் மட்டும்
மலையில் பனி விழுவதுபோல் சத்தமில்லாமல் சேர்கிறது,
யார் யாருடையதோ.
பிறகு பல். உலகத்து வாய்களுக்கெல்லாம் பல்.

கடலும் கிடையாது.
சுற்றியிருக்கும் நாடுகளுக்கும் கிடையாது.
கடல் பார்க்க இரண்டு எல்லை தாண்ட வேண்டுமாம்.
படித்துச் சிரித்தேன்,
பிறகு சிரிப்பு நின்றது.

எங்களுக்கு ஒரே எல்லைதான், அத்திப்பள்ளி.
தொண்ணூற்றொன்று டிசம்பரில்
நாக்கை வாய்க்குள் பூட்டிக்கொண்டு
அதைத் தாண்ட ஒரு ராத்திரி முழுக்க ஆயிற்று.
காவிரி எங்கோ, யாரையும் கேட்காமல் ஓடிக்கொண்டிருந்தது.
லாரியில், வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால்
ஏழு பேர். எனக்கு எட்டு வயது.
தமிழில் இருமாதே என்றாள் கனகவல்லி அத்தை.

அந்த நாட்டுக்கும் ஒரு கதை உண்டு.
கடைசி யுத்தத்துக்கு எண்பது பேர் போனார்களாம்.
ஒருவரையும் சுடவில்லை, ஒருவரும் சாகவில்லை.
திரும்பி வந்தபோது எண்பத்தொன்று.
வழியில் ஒரு சிநேகிதன் சேர்ந்துகொண்டானாம்.
மெய்யோ, சுற்றுலாக்காரர்களுக்காகச் சொல்வதோ,
நான் நம்புகிறேன்.
பொங்கல் கழித்து நாங்கள் திரும்பியபோது எட்டுப் பேர்.

எட்டாவது, லாரி கிளீனர் சித்தலிங்கா.
கல்லோடு வழிமறித்தவர்களிடம்
எல்லாம் எங்க வீட்டு ஜனம் என்று
கன்னடத்தில் சொன்னவன்.
சொன்ன சொல்லைக் காப்பாற்றவோ என்னவோ
அப்புறம் அவன் போகவேயில்லை.
அத்தையின் மாடி அறையில், வாடகை தராமல்,
அவள் ரசத்தில் குறை கண்டுபிடித்தபடி
முப்பது வருஷத்துக்கும் மேல்.

போன மாதம் அவன் கடைவாய்ப்பல் உடைந்தது.
கீழே வலது, டாக்டர் கணக்கில் நாற்பத்தாறு.
வாயில் இருப்பதே முப்பத்திரண்டு,
மிச்சமெல்லாம் யாருடையது என்று கேட்டான்.
வெற்றிலைக் கறைக்கு ஏற்ற நிறம், ஏ மூன்றரை.
மெழுகில் செதுக்கி, மாவில் புதைத்து,
சூளையில் மெழுகு உருகி ஓடிவிட,
அது விட்டுப்போன இடத்தில்
அந்த நாட்டைக் கொஞ்சம் அழுத்தினேன்.
நஞ்சுண்டப்பா காசு வாங்கவில்லை.
டப்பாவின் விலையை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

இன்று ஆகஸ்ட் பதினைந்து.
அங்கேயும் இன்றுதான் தேசிய தினம்.
கோட்டைத் தோட்டத்துக்கு எல்லோரையும் அழைத்துப்
பீர் கொடுப்பார்களாம்.
இங்கே ஆட்டோ ஸ்டாண்டில் கொடி ஏறியது,
ஆளுக்கொரு கடலை உருண்டை.
வலது பக்கம் கடிக்காதே, ஒரு வாரம் போகட்டும் என்கிறேன்.
சித்தலிங்கா வலது பக்கம்தான் கடிக்கிறான்.
மென்றுகொண்டே கேட்கிறான்,
அந்த ஊர்க்காரங்க என்ன பாஷை பேசுவாங்க?
நான் யோசிப்பதற்குள்
ஜன்னலிலிருந்து அத்தை:
எந்த பாஷையானாலும் சரி,
வாடகையைப் பத்திப் பேசச் சொல்லு.