உப்புத்தாள்

தேவகோட்டையில் பாய்ப்படகு வைத்திருப்பவன்
நான் ஒருவன்தான்.
நாற்காலியில் வாய் திறந்து கிடப்பவர்கள்
மரப்பு ஊசி ஏறும்வரை அதையே கேட்கிறார்கள்:
"டாக்டர், கப்பல் எப்ப கிளம்புது?"

பதினாறடி. ஒற்றைப் பாய்.
மூடிக் கிடக்கும் அரிசி மில்லின் நெற்களத்தில்
ஆறு முட்டுக்கட்டைமேல் நிற்கிறது.
அடியில் நுழைய மல்லாந்துதான் படுக்க வேண்டும்.
இருபது வருஷமாகப் பிறரை மல்லாத்தியவன் நான்.

சிப்பியைச் சுரண்டினேன்.
பல்லில் படியும் காறைதான், வேறென்ன.
ஒவ்வொன்றும் தெறித்து விழுந்த இடத்தில்
வெள்ளையாய் ஒரு வட்டம்.

ஏராக்கட்டையும் உடம்பும் சேரும் இடத்தில்
மயிரிழையாய் ஒரு கோடு.
வாய்க்கண்ணாடியை நீட்டிப் பார்த்தேன்.
கொக்கி ஊசியால் குத்தினேன்.
உள்ளே போனது.
போய்க்கொண்டே இருந்தது.
இந்த நேரத்தில் நோயாளியிடம் நான் சொல்வது
"ஒண்ணுமில்ல, சின்னதுதான்."
களத்தில் யாருமில்லை.
எனக்கே சொல்லிக்கொண்டேன்.

லாரிக்குப் பட்டி பார்க்கும் அடைக்கலம் வந்து
ஸ்பேனரைப் போட்டான்.
ஏழு போல்ட்டில் நாலு துரு.
ஒன்று கையோடு வந்தது,
தலையும் காலும் பெருத்து
இடுப்பு மட்டும் தீக்குச்சியாய்.
"இதை நம்பியா சார் கடலுக்குள்ள போனீங்க?"
போனேன். இரண்டு முறை.
ஒருமுறை கோதையை ஏற்றிக்கொண்டு.
அதை அவனிடம் சொல்லவில்லை.
வீட்டிலும் சொல்லவில்லை.

பிறகு எண்பது, நூற்றிருபது, இருநூற்றிருபது.
உப்பு தின்ற உடம்பை
உப்புத்தாளால் தேய்க்கிறோம்.
யார் வைத்த பெயரோ.
மில் வாட்ச்மேன் சுவரோரம் நின்று கேட்டார்:
"முட்டை வெள்ளைக்கரு போட்டா இழைக்கிறீங்க?"
வியர்வை கண்ணில் இறங்கியதில்
பதில் சொல்லவில்லை.

பிரைமர் அடித்த அன்று மழை.
ஐப்பசி பொய்த்த வருஷம்,
பங்குனியில் வந்து கொட்டியது.
தெருவே வெளியே வந்து கூவியது.
தார்ப்பாயோடு ஓடிய ஒருவன் மட்டும்
வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தான்.
காலையில் பக்கமெல்லாம் அம்மைத் தழும்பு.
மறுபடி எண்பது.

தண்ணீர் எதுவரை ஏறுமோ அதுவரைதான்
செம்பு கலந்த சிவப்பு.
அதற்கொரு கோடு வேண்டும்.
சூசைக் கொத்தனார் மட்டக்குழாயைச் சுருட்டி
தோளில் போட்டு வந்தார்.
அணியத்தில் ஒரு முனை நான்,
அமரத்தில் மறுமுனை அவர்.
குழாய்க்குள் போர்வெல் தண்ணீர்
ஏறி, இறங்கி, யோசித்தது.
"நின்னுருச்சா?"
"இல்ல... இல்ல... இப்ப."
இந்த வருஷம் படகு பார்த்த முதல் கடல்
விரற்கடை அகலம்.
அஸ்திவாரத்துக்கு அடிப்பதுபோல் நூலடித்தார்.
நீலம் சுளீரென்று விழுந்தது.

மீதிப் பெயிண்டை வாட்ச்மேன் கேட்டார்,
வீட்டுத் தண்ணித் தொட்டிக்கு.
"விஷம்ணே" என்றேன்.
"பின்ன இத்தனை நாள் கையில பூசிக்கிட்டீங்க?"

முட்டுக்கட்டை தாங்கிய ஆறு இடம் மட்டும்
உள்ளங்கை உள்ளங்கையாய் மிச்சம்.
திருவாடானை வழியே டிராக்டரில் போய்
தொண்டியில் கிரேன் தூக்கிய பத்து நிமிஷத்தில்
அவற்றுக்கு அடிக்க வேண்டும்.
பிரஷைக் கோதை வாங்கிக்கொண்டாள்.
நாலு முடித்தாள். ஐந்தாவதில் நின்றாள்.
"போன தடவை இங்கதானப்பா
கடக் கடக்குன்னு ஒண்ணு ஆடுச்சு?"

கிரேன்காரர் விசிலடித்தார்.
சட்டைப்பையில் கிடந்த போல்ட்டை எடுத்து
அவள் கையில் வைத்தேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
இடுப்பை விரலால் அளந்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
ஆறாவதை அடித்து முடித்தாள்.

சிவப்பு காயாமலே இறங்கியது.
சூசையின் நூலில் தண்ணீர் வந்து நிற்கிறதா என்று
இருவரும் குனிந்தோம்.
ஒரு விரல் மேலே நின்றது.